நேராக நின்ற ஊசி

பாஸுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று காலை பதினோரு மணிக்குள் மூன்று முறை துடைத்துவிட்டார். கண்ணாடியில் தூசு எதுவும் இல்லை.

எனக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. கோபம் வந்தால் நேரே வாய்க்கு வந்துவிடும். அதனால்தான் அவர் எனக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்தார். எங்கள் துப்பறியும் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்க முற்றத்தில் நின்றிருந்தோம். எங்கள் முன்னால் ஒரு கார். கார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வியாழக்கிழமை மாலை, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் டர்போ இன்ஜின் வெடித்து, ஆயில் முன் சக்கரத்தில் கொட்டி, வழுக்கிப்போய்ப் பாலத்துச் சுவரில் மோதியிருந்தது. ஓட்டியவனுக்கு இருபத்தாறு வயது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

காரின் சொந்தக்காரர் டைல்ஸ் கடை முதலாளி. ஓட்டியவன் அவருடைய மச்சான், மனைவியின் கூடப் பிறந்த தம்பி. டர்போவைப் பொருத்திக் கொடுத்த மெக்கானிக் நேற்றிலிருந்து லாக்கப்பில் இருக்கிறான். அவனுடைய அக்காதான் எங்களிடம் உதவி கேட்டு வந்தவர்; அவனுக்குப் பல் பிடுங்கி நான்கு நாள்தான் ஆகிறது என்று புலம்பினார். அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் ஒர்க்ஷாப் நடத்துகிறார்கள். மாலை நான்கு மணிக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். போய்விட்டால் ஒர்க்ஷாப்புக்குப் பூட்டு, அவனுக்குக் கம்பி.

"நீங்க எதுக்கு வீணா வெயில்ல நிக்கறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "கேஸ் முடிஞ்சு போச்சு. டர்போ எவ்வளவு காத்தை இன்ஜினுக்குள்ள திணிக்கணும்னு வைக்கறதுக்கு ஒரு திருகு இருக்கு. இந்த இன்ஜின் தாங்கறது பாயிண்ட் எட்டு பார் அழுத்தம். இப்ப திருகு நிக்கறது ஒன்றரைல. திருகு நகரக் கூடாதுன்னு மேல மஞ்சள் பெயின்ட் கோடு போட்டிருக்கு. அந்தக் கோடு புத்தம் புதுசு. பெயின்ட் அவங்க ஒர்க்ஷாப் பெயின்ட்."

"மெக்கானிக் என்ன சொல்றான்?" என்று கேட்டார் பாஸ்.

"அவனே ஒத்துக்கிட்டான் சார். செவ்வாய்க்கிழமை ஆயில் மாத்த வண்டி வந்துச்சாம். ஓட்டிப் பார்த்தானாம். காத்து கம்மியா இருந்துச்சாம், திருகைத் திருப்பினானாம். பாயிண்ட் எட்டுக்குத்தான் வெச்சேன்னு சாதிக்கறான்."

"ஒன்றரைல வெச்சுட்டு பாயிண்ட் எட்டுங்கறவன், கணக்கு வாத்தியாரை ரொம்பவே படுத்தியிருப்பான்" என்றேன்.

"அந்த வித்தியாசத்துல ஒரு பையனுக்குக் கால் போச்சும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு முகம் சுருங்கிப்போனது. சில சமயம் என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

அப்போதுதான் முதலாளியின் மனைவி உள்ளே வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறார் என்று கசங்கிய புடவையே சொன்னது. பின்னால் அவர் கணவர், கையில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு. அந்தம்மா எங்களைப் பார்க்கவில்லை. எங்களோடு நின்ற மெக்கானிக்கின் அக்காவின் முன்னால் நேரே போய் நின்றார்.

"உன் தம்பியைக் காப்பாத்த ஆள் கூட்டிட்டு வந்திருக்கியா? என் தம்பி காலை எந்த ஆள் கொண்டுவந்து ஒட்டுவான்?"

அந்தம்மா அதோடு விடவில்லை.

"காலைல கண்ணு முழிச்சான். பாதம் அரிக்குது, சொறிஞ்சு விடு அக்கான்னு சொல்றான். எந்தப் பாதம்னு கேக்கறேன். வலது பாதமாம். நான் என்னத்தைச் சொறியறது? சொல்லு."

"விடு, வா" என்றார் முதலாளி. "நாலு மணிக்கு அவன் உள்ள போயிடுவான். நான் விட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல."

பாஸ் அதற்குள் நொறுங்கிய கதவின் வழியாகத் தலையை உள்ளே விட்டிருந்தார். ஸ்டியரிங்கின் பக்கத்தில், சாயம் போகாத கறுப்புச் சட்டத்தில், மூன்று வட்ட மீட்டர்கள். கம்பெனி கொடுத்தவை அல்ல, பிறகு வாங்கிப் பொருத்தியவை. ஒன்று டர்போ காற்றுக்கு. ஒன்று ஆயில் அழுத்தத்துக்கு. ஒன்று ஆயில் சூட்டுக்கு.

"வாயாடி, இங்க வந்து பாரு. என்ன தெரியுது?"

பார்த்தேன். ஆயில் மீட்டர்கள் இரண்டும் கோணல். எண்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, படுத்துக்கொண்டு டீவி பார்க்கிறவன் தலை மாதிரி இருந்தன.

"ஆக்ஸிடென்ட்ல திரும்பியிருக்கும் பாஸ்."

"சட்டம் உடையல. திருகாணி அசையல. அப்படியே பொருத்தியிருக்காங்க. ஏன்மா, இது ஏன் கோணலா இருக்கு?"

அக்கா பக்கத்தில் வந்தார். "என் தம்பி எல்லா வண்டியிலும் அப்படித்தான் சார் வைப்பான். வேகமா ஓட்டறப்ப யாரும் நம்பர் படிச்சிட்டு இருக்க முடியாது. அதனால எந்த அளவு சரியான அளவோ, அந்த அளவு உச்சிக்கு வர்ற மாதிரி மீட்டரையே சுத்தி வெச்சிடுவான். ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சா மூணு ஊசியும் நேரா நிக்கணும். ஒரு ஊசி சாஞ்சிருந்தாலும் ஏதோ கோளாறு. ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காமலே தெரிஞ்சிடும்."

"நல்ல வேலைக்காரன்" என்றார் பாஸ். "அப்ப இது?"

அவர் விரல் மூன்றாவது மீட்டரில் இருந்தது. டர்போ மீட்டர். அதன் எண்கள் சாயவே இல்லை. கடிகாரம் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். பிறகு கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உடைந்த தகரம் கையைக் கிழிக்குமே என்று நான் சொல்ல வந்தேன். அதற்குள் அவரே விட்டுவிட்டு நாலடி தள்ளிப்போய் நின்றார். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் எதையும் தொடலை" என்றார் முதலாளி, யாரும் கேட்காமலே. "அவன் குடுத்தது குடுத்தபடி இருக்கு."

பாஸ் கையைச் சட்டத்தின் பின்னால் நுழைத்து, மீட்டரின் முதுகைத் தடவி, என் மொபைலை வாங்கி உள்ளே நீட்டி ஒரு போட்டோ எடுத்தார். படத்தில் ஒரு கடையின் ஸ்டிக்கர் இருந்தது, பாதி முகவரியோடு. இன்ஸ்பெக்டரிடம், "மூணு மணிக்குள்ள வந்துடறேன். அந்த மீட்டரைக் கழட்டி வெச்சிடுங்க" என்றார்.

"எதுக்கு சார்?"

"வந்து சொல்றேன்."

*

பாதி முகவரியை முழு முகவரியாக்க எனக்கு இரண்டு மணி நேரமும் ஒரு ஜோடிச் செருப்பும் செலவானது. கார் உதிரி பாகங்கள் விற்கும் தெருவில் பதினான்கு கடைகள். பதினான்காவது கடைதான் அது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

சுவர் முழுக்க மீட்டர்கள். எல்லா ஊசியும் சைபரில் தூங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் காதில் பென்சில் வைத்திருந்தார். போட்டோவைக் காட்டியதும் அந்தப் பென்சில் கீழே விழுந்தது.

"இந்த மாதிரி ஆயிரம் விக்கறேன்" என்றார்.

"ஆயிரத்துல ஒண்ணு ஒருத்தன் காலைத் தின்னுடுச்சு" என்றேன். "அந்த ஒண்ணைப் பத்திச் சொல்லுங்க, போதும்."

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல."

பாஸ் கண்ணாடியைக் கழற்றினார். நான்காவது முறை. "உங்களுக்கு நேத்து போன் வந்திருக்கு, இல்லையா? யாராவது கேட்டா நான் எதுவும் வாங்கலைன்னு சொல்லுங்கன்னு."

கடைக்காரர் வாயைப் பிளந்தார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு கேட்டபோது பாஸ், "ஆயிரம் விக்கறவன் ஒரு போட்டோவுக்குப் பென்சிலைப் போட மாட்டான். எவனோ முன்னாடியே பயம் காட்டியிருக்கான்" என்றார்.

"நான் அப்பவே சொன்னேன் சார்" என்று கடைக்காரர் இறங்கிவந்தார். "அந்த டைல்ஸ் கடை முதலாளி மூணு வாரம் முன்னாடி வந்தார். கோணல் மீட்டரைப் பார்த்தா ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கறாங்கன்னார். நேரா இருக்கற மாதிரி, ராத்திரியில சிவப்பா எரியற மாதிரி ஒண்ணு வேணும்னார். எடுத்துக் காட்டினேன். எவ்வளவு வரைக்கும் அளக்கும்னு கேட்டார். ரெண்டு வரைக்கும்னேன். மூணு வரைக்கும் இருக்கறதைக் குடுன்னார்."

"எதுக்கு மூணு?"

"அதையேதான் நானும் கேட்டேன். உங்க வண்டி பாயிண்ட் எட்டு. ரெண்டு வரைக்கும் உள்ள மீட்டரே தாராளம். மூணுல ஊசி பாதி தூரம்கூட ஏறாது, படிக்கறதும் கஷ்டம்னு சொன்னேன். மீட்டர் வாங்கறதுன்னா முதல்ல வண்டியைப் பார்க்கணும் சார், அப்புறம்தான் கலரு, லைட்டு எல்லாம். அவர் என்ன சொன்னார் தெரியுமா? பக்கத்துல உக்கார்றவன் மூணுன்னு பார்க்கட்டும்னார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மெக்கானிக் ஒவ்வொரு ஊசியையும் யோசித்து யோசித்துத் திருப்பி வைத்திருக்கிறான். இந்த ஆள், பக்கத்து சீட்டில் உட்காருகிறவன் வாயைப் பிளப்பதற்காக அதைப் பிடுங்கிப் போட்டிருக்கிறான். வளையல் வாங்குகிறவள்கூடக் கைக்குச் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்துத்தான் வாங்குவாள்.

"மாட்டினது யாரு?" என்று கேட்டார் பாஸ்.

"அவரேதான். பின்னாடி ஒரு ரப்பர் ட்யூபைச் சொருகினா வேலை முடிஞ்சுது. பழைய மீட்டரை இங்கயே விட்டுட்டுப் போயிட்டார்."

மேஜை அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை இழுத்து, துழாவி, பழைய மீட்டரை எடுத்துக் கொடுத்தார். அதே அளவு, அதே கறுப்பு முகம், அதே வெள்ளை ஊசி. சைபரிலிருந்து இரண்டு வரை எண்கள். பாயிண்ட் எட்டுக்கு நேராக, விளிம்பில் ஒரு மஞ்சள் பொட்டு. எந்த இடம் உச்சிக்கு வர வேண்டும் என்று மெக்கானிக் வைத்த அடையாளம்.

வெளியே வந்ததும் ஸ்கூட்டரை உதைத்தேன். "கிளம்புங்க பாஸ். முதலாளி மாட்டினான். மீட்டரை மாத்தினான், மறைச்சான், போன் பண்ணி மிரட்டினான். மெக்கானிக்கைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"மீட்டரை மாத்தினது அவன். திருகைத் திருப்பினது யாரு?"

"மெக்கானிக். அவனே ஒத்துக்கிட்டானே. புது மீட்டரைப் பார்த்து ஏமாந்துட்டான்."

"அங்கதான் இடிக்குது" என்றார் பாஸ். அதற்குப் பிறகு ஸ்டேஷன் வரும்வரை நான் பேசினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

*

மூன்றேகால் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் பாஸ் இரண்டு மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு பக்கம் முதலாளியும் மனைவியும். மறுபக்கம் அக்கா.

"இது பழசு. ஊசி உச்சியில நின்னா பாயிண்ட் எட்டு. இது புதுசு. ஊசி உச்சியில நின்னா என்ன?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். சைபரிலிருந்து மூன்று வரை. நட்டநடுவில், உச்சியில், ஒன்றரை.

"ஒன்றரை" என்றார், மெதுவாக.

"செவ்வாய்க்கிழமை வண்டியை ஓட்டிப் பார்த்தவங்க ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சிருக்காங்க. இன்ஜின்ல காத்து சரியா பாயிண்ட் எட்டு இருந்திருக்கு. ஆனா புது மீட்டர்ல பாயிண்ட் எட்டுன்னா ஊசி இடது பக்கம் சாஞ்சு நிக்கும். காத்து கம்மியாயிடுச்சுன்னு நினைச்சு, ஊசி நேரா நிக்கற வரைக்கும் திருகைத் திருப்பிட்டாங்க. ஒழுங்கா மஞ்சள் கோடும் போட்டிருக்காங்க."

முதலாளியின் மனைவி கணவர் பக்கம் திரும்பினார். "இந்த மீட்டரை நீங்க மாத்தினீங்களா?"

"ஒரு மீட்டர் மாத்தறது கொலைக்குத்தமா?" என்றார் அவர். சாவி சுழல்வது நின்றிருந்தது. "என் வண்டி, என் இஷ்டம். திருகைத் தொட்டது நானா? அவன்தானே?"

"அவன் தொடலை" என்றார் பாஸ்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தைத் தட்டிக் காட்டினார். "கையெழுத்தே போட்டிருக்கான் சார்."

"அவனைக் கூட்டிட்டு வாங்க. வாசல்லயே நிறுத்துங்க."

கான்ஸ்டபிள் மெக்கானிக்கை அழைத்துவந்தார். இடது கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. வாய்க்குள் பஞ்சு. பாஸ் புது மீட்டரைக் கையில் எடுத்து, பத்தடி தூரத்திலிருந்து உயர்த்திக் காட்டினார்.

"இது உன் டர்போ வண்டியில இருந்த மீட்டர். தெரியுதா?"

மெக்கானிக் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இது என்னுது இல்ல சார். மூணு வரைக்கும் போட்ட மீட்டரை அந்த வண்டிக்கு எவன் வெச்சான்? அதுவும் நேரா நிக்க வெச்சிருக்கான். அறிவு வேணாமா?"

பஞ்சையும் மீறிக் கோபம் வந்தது அவன் குரலில். இரண்டு நாளில் அவன் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான் என்று கான்ஸ்டபிள் பிறகு சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை இதைப் பார்த்துத்தான் திருகைத் திருப்பினேன்னு எழுதிக் குடுத்திருக்கியே" என்றார் பாஸ். "பத்தடி தூரத்துல ஒரே பார்வையில கண்டுபிடிக்கறே. வண்டிக்குள்ள, மூக்குக்கு முன்னாடி இருந்தப்ப தெரியலையா?"

மெக்கானிக்கின் கை வீங்கிய கன்னத்துக்குப் போனது.

"செவ்வாய்க்கிழமை நீ ஒர்க்ஷாப்லயே இல்ல. பல்லைப் பிடுங்கிட்டு வீட்டுல படுத்திருந்தே. வண்டியை ஓட்டினது, ஊசி நேரா நிக்கணும்னு உன்கிட்ட கேட்டுப் பழகினவங்க. மீட்டரை மாட்டிப் பழக்கமில்லாததால அது மாறினது தெரியாதவங்க. அந்த ஒர்க்ஷாப்ல உன்னைத் தவிர ஒரே ஒருத்தர்தான் இருக்காங்க."

யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையே இல்லாமல் அவரே முன்னால் வந்தார்.

"நான்தான் திருப்பினேன்."

"அக்கா, சும்மா இரு" என்றான் மெக்கானிக்.

"நீ சும்மா இருடா. நேத்துலேர்ந்து நான் சும்மா இருந்ததே போதும்." அக்காவின் குரல் உயரவில்லை. "வெயில் மீட்டர் மேல அடிச்சுது. ரெண்டு ஊசி நேரா நின்னுது, ஒண்ணு சாஞ்சிருந்துது. நம்பரைப் படிக்காதே, ஊசியைப் பாருன்னுதான் இவன் சொல்லுவான். நான் நம்பரைப் படிக்கலை. நேராக்கினேன். சரியாத்தான் வெச்சேன், இன்ஜின் வேற எதுக்கோ வெடிச்சிருக்குன்னு நேத்து வரைக்கும் நம்பிட்டிருந்தேன். காலைல அந்த மீட்டரைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது."

நான் காலையிலிருந்து அலைந்த தெருவும் அறுந்த செருப்பும் ஒருசேர ஞாபகத்துக்கு வந்தன. "எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே. உங்களுக்காகத்தானே நாயா அலையறோம்?" என்று கத்திவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பதில் இருந்தது. சொன்னால் லாக்கப்பில் தம்பிக்குப் பதில் அவர். சொல்லாவிட்டால் அவருக்குப் பதில் தம்பி. அதை முடிவுசெய்ய ஒரு நாள் போதவில்லை அவருக்கு. கோபம் போகவில்லை எனக்கு, ஆனால் வாயை மூடிக்கொண்டேன்.

"பார்த்தியா?" என்று முதலாளி மனைவியிடம் எகிறினார். "நான் சொல்லலை? தம்பி இல்லைன்னா அக்கா. மொத்தத்துல அந்த ஒர்க்ஷாப்தான். சார், அந்தப் பொம்பளையைப் பிடிச்சு உள்ள போடுங்க."

பாஸ் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். அதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அவங்க பண்ணினது தப்பு. அவங்களே வாயைத் திறந்து சொல்லிட்டாங்க. நீங்க? மீட்டரை மாத்தினது உங்களுக்கு ஞாபகம் இருந்துது. அதனாலதான் நேத்து கடைக்காரனுக்கு போன் போட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போலீஸ் ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சிருக்கும். அதை விட்டுட்டு, பல் பிடுங்கின வாயோட ஒருத்தன் உள்ள கிடக்கறதைக் கையைக் கட்டிட்டு வேடிக்கை பார்த்தீங்க. காலைல, இங்கயே, எதையும் தொடலைன்னீங்க."

"போன் பண்ணீங்களா?" என்று கேட்டார் மனைவி.

முதலாளி சாவியைப் பைக்குள் போட்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்து எழுந்து வெளிய போனீங்களே நேத்து, கடை விஷயம்னு சொல்லிட்டு. அதுவா? அவன் கட்டுப் பிரிக்கறாங்க, நான் அவன் கையைப் பிடிச்சிட்டிருக்கேன், நீங்க வராண்டாவுல நின்னு அந்த போனையா பண்ணீங்க?"

"உனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவேன்னுதான்..."

"திரும்பி வந்து என் பக்கத்துல உக்காந்தீங்க. அந்த மெக்கானிக்கை விடாதே, விடவே விடாதேன்னு என் காதுல ஓதினீங்க. நானும் வந்து இவங்களைக் கண்டபடி கத்தினேன்."

அவர் எழுந்து அக்காவிடம் போனார். இரண்டு பெண்களும் ஒரே உயரம். ஒருவர் தம்பி லாக்கப் வாசலில், ஒருவர் தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில். அடித்துவிடுவாரோ என்று கான்ஸ்டபிள் ஓரடி முன்னால் வந்தார்.

"உன்னை நான் மன்னிக்க மாட்டேன்" என்றார்.

"மன்னிக்கச் சொல்லி நான் கேக்கலைங்க" என்றார் அக்கா.

முதலாளியின் மனைவி தலையசைத்தார். பிறகு திரும்பி இன்ஸ்பெக்டரின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தத் தம்பியை அனுப்பிடுங்க. பல் டாக்டர்கிட்ட போகட்டும். என் புகாரைத் திருத்தணும். புதுசா ரெண்டு பேரை எழுதிக்கோங்க. முதல் பேர் இவங்களோடது, அவங்களே சொல்லுவாங்க."

"ரெண்டாவது?" என்றார் இன்ஸ்பெக்டர், பேனாவைத் திறந்தபடி.

"ஏய், என்ன பேசறே நீ? வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றார் முதலாளி.

அந்தம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டரின் பேனா காகிதத்தில் படும்வரை காத்திருந்தார். பிறகு கணவர் பெயரை, அவர் அப்பா பெயரோடும் வீட்டு விலாசத்தோடும் சேர்த்து, ஓர் எழுத்துகூடத் தப்பாமல் எழுதும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.